சறுக்கல் விளக்கும் எதிர்க்கடை சாலமனும்

கார் எலக்ட்ரீஷியன் வேலையில் மிகக் கொடிய சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘எப்பவாவது’ என்பேன். எப்போதும் எரியும் விளக்கை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். ‘எப்பவாவது எரியுதுண்ணா’ என்று ஒருவர் சாவியை நீட்டினால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது. இந்தத் தொழிலில் அவதிப்படும் சகோதரர்களுக்கு இது புரியும். வேறு தொழிலில் இருந்தாலும், கடைக்கு நேர் எதிரே ஒரு போட்டிக்கடை வாய்த்தவர்களுக்கும் புரியும்.

என் கடை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் இருக்கிறது. தகர ஷெட்டு, இரண்டு கார் நிற்கும் இடம், ஒரு பழைய ஸ்கேனர். பதினாறு வருடம் நிம்மதியாக ஓடியது. போன ஆடி மாதம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாலமன் கடை திறந்தான். ஆடியில் யாராவது கடை திறப்பார்களா என்று டீக்கடையில் பத்துப் பேரிடம் கேட்டேன். அந்தப் பத்துப் பேரும் திறப்புவிழாவுக்குப் போய் லட்டு சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ஒரே நாளில் சேர்ந்தவர்கள்

சாலமனும் நானும் மறைமலை நகரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ரூம், ஒரே குக்கர். அப்போதே எனக்கு அவன் மேல் பொறாமை உண்டு. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

ஒரு காரில் ‘டொக் டொக்’ என்று சத்தம். இரண்டு நாள் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு நான் தேடினேன். கையில் வடையோடு அந்தப் பக்கம் வந்த சாலமன், பின்கதவை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, “உள்ள கோலிக்குண்டு உருளுதுடா” என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டான். கதவைப் பிரித்தால், அந்த வீட்டுப் பிள்ளை கண்ணாடி இடுக்கில் போட்ட கோலிக்குண்டு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை இன்னும் எனக்கு மறக்கவில்லை: “பாஸ்கர் நல்லா வேலை செய்வான்; சாலமன் வேலைய முடிப்பான்.”

ஏழுமலையின் வண்டி

ஏழுமலை என் கடையின் தூண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறார். அவர் வேலை பார்க்கும் உற்பத்தி லைனில் யாருக்கு வண்டி மக்கர் செய்தாலும், “பாஸ்கர் அண்ணன்கிட்ட போ” என்று ஒரு வார்த்தை சொல்வார். வண்டி என் ஷெட்டில் வந்து நிற்கும். என் வேலையில் பாதி அவர் வாயிலிருந்து வந்தது. அவர் போனால் அந்த லைனே போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு வருடப் பழைய கார் அவருடையது. தை பிறந்த சமயம் ஒரு நாள் வந்து, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொன்னார். ஒரு குட்டிக் காரும், அதன் பின்னால் நெளிந்த இரண்டு கோடுகளும் போட்டிருக்குமே, அதுதான். திருப்பத்தில் வண்டி சறுக்கினால் தானாகவே பிரேக் பிடித்துக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த விளக்கு அணையாமல் எரிந்தால், ‘என்னால் இனிமேல் காப்பாற்ற முடியாது, உன் பாடு’ என்று வண்டி கைவிரித்துவிட்டதாக அர்த்தம். சில மாதமாகவே அவ்வப்போது அப்படி எரிகிறதாம். வண்டியை அணைத்துத் திரும்பப் போட்டால் போய்விடுகிறதாம். நான் சாவியைப் போட்டேன், எரியவில்லை. ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் ஓட்டினேன், எரியவில்லை. ஸ்கேனரை மாட்டினால் அது, ‘பிரேக் பக்கம் ஏதோ கோளாறு’ என்கிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. ஏழுமலை சிரித்தார்: “உன்ன கண்டாலே பயந்துகினு அணைஞ்சுடுதுண்ணா அது.”

டீக்கடை வரை

எங்கள் ரோட்டில் எல்லா மெக்கானிக்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு யூ-டர்ன் பக்கத்து டீக்கடை வரை போவோம், ஒரு டீ குடிப்போம், திரும்பி வருவோம். இதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ். பகல் நேரத்தில் கண்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் முப்பதுக்கு மேல் போக முடியாது. போனாலும் டீக்கடை வந்துவிடும்.

ஏழுமலை வண்டிக்கு முன் சக்கர சென்சாரை மாற்றினேன். ஏற்கனவே வேறொரு காரில் இதே விளக்குக்கு அதுதான் காரணமாக இருந்தது. டீக்கடை வரை போனேன், விளக்கு எரியவில்லை. ‘முடிஞ்சுது, எடுத்துகினு போங்க’ என்றேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். கனெக்டர்களை எல்லாம் சுத்தம் செய்தேன், டீக்கடை. பாட்டரி முனையை இறுக்கினேன், டீக்கடை. நாலாவது தடவை டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த வண்டி சரியாவுறதுக்குள்ள நான் இன்னொரு மாடு வாங்கணும் போல கீதே பாஸ்கரு.”

எலி

வேறு வழி தெரியாத மெக்கானிக்குக்குக் கடைசியில் கைகொடுப்பது எலி. பானட்டுக்குள் மூலையில் கொஞ்சம் பஞ்சும் வேப்பங்கொட்டையும் கிடந்தன. உடனே முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, “எலி ஒயரக் கடிச்சிருக்கு” என்று தீர்ப்புச் சொன்னேன். கடித்த ஒயரை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்து ஒயர் எல்லாவற்றுக்கும் டேப் சுற்றினேன். நாற்றத்துக்கு எலி வராது என்று புகையிலையையும் ஒரு துணியில் முடிந்து கட்டினேன்.

வண்டியை எடுக்க அன்றைக்கு ஏழுமலையோடு அவர் மனைவி செல்வியும் வந்திருந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. சர்க்யூட் போர்டில் ஒரு புள்ளி ஈயம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற வேலை என்று ஏழுமலை பெருமையாகச் சொல்வார். நான் எலிப் புராணத்தைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார். நான் பெரிய ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் கேட்டது இதுதான்: “ஒரு வாரம் எரியுது, ஒரு வாரம் எரியல. எலிக்கும் ஷிப்டு போட்டுக் கீறாங்களாண்ணா?”

கண்டெய்னர் மறைத்த காட்சி

சாலமன் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கஸ்டமர் உட்கார ஏசி போட்ட கண்ணாடி ரூம், அதில் மீன் தொட்டி, போன் சார்ஜ் போட வரிசையாகப் பிளக்கு. வீல் அலைன்மென்ட் மிஷின். வான நீலச் சட்டை போட்டுக்கொண்டு கார் வேலை பார்ப்பான். சாயந்திரம் வரை அது நீலமாகவே இருக்கும். என் சட்டை காலை பத்து மணிக்கே என்ன நிறம் என்று என் மனைவிக்கே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை நான் ஒரு காருக்கு ஹெட்லைட் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏழுமலையின் வண்டி ரோட்டில் வருவது தெரிந்தது. என் பக்கம் இண்டிகேட்டர் போடவில்லை. நேரே போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி சாலமன் கடைக்குள் நுழைந்தது. கையிலிருந்த ஹெட்லைட்டைக் கீழே வைத்தேன். ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தேன். சாலமன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஏழுமலையோடு பேசிக்கொண்டே இருந்தான். என்னதான் பேசுகிறான் என்று எட்டிப் பார்க்கும்போது நீளமாக ஒரு கண்டெய்னர் லாரி வந்து நடுவில் நின்றது. அது நகரட்டும் என்று ஸ்டூலிலேயே நின்றேன். கீழே ஹெட்லைட்டுக்குக் காத்திருந்தவர் இருமிவிட்டுச் சொன்னார்: “அண்ணே, என் வண்டி இந்தப் பக்கம் கீது.”

விடியற்காலைச் சவாரி

மூன்று நாள் அந்த வண்டி சாலமனிடம் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் இரண்டு பியூஸை மாற்றி மாட்டினேன், ஒருவர் சாவியை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் ஏழுமலை என் ஷெட்டில் வந்து வண்டியை நிறுத்தினார். நான் கோபித்துக்கொள்வேனோ என்று முகத்தில் ஒரு சங்கடம்.

நடந்ததை அவரே சொன்னார். சாலமன் முதலில் கேட்ட கேள்வி, ‘எரியுற வாரம் எந்த ஷிப்டு?’ என்பதாம். அதே ஷிப்டு விஷயத்தை என் ஷெட்டில் நின்று செல்வி கேட்டபோதுதான் நான் சிரித்தேன். முதல் ஷிப்டு வாரத்தில் ஏழுமலை விடியற்காலையில் இந்தப் பெரிய ரோட்டில் வளையாமல் நெளியாமல் எண்பதில் போவார். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மனைவியை சுங்குவார்சத்திரத்தில் இறக்கிவிட்டு, ஊர்களுக்குள் வளைந்து வளைந்து போவார். சாலமன் மறுநாள் காலை ஐந்து மணிக்கு வண்டியை ஏழுமலை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டானாம். வெறும் நேர்ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் விளக்கு எரிந்திருக்கிறது. அவனுக்கு டீ குடிக்கும் பழக்கம் கிடையாது, சர்வீஸ் சென்டர் காலத்திலிருந்தே கிடையாது. டெஸ்ட் டிரைவ் போக அவனுக்கு ஒரு இடம் இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் போகிறான்.

சரி, கண்டுபிடித்தவன் சரிசெய்து அனுப்ப வேண்டியதுதானே? ஏழுமலைக்கும் அது புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “ஸ்டியரிங் பக்கம் பாக்கணுமாம். ‘பாஸ்கர்கிட்டயே போங்க, அவனுக்குத் தெரியும்’னு சொல்லிட்டாரு.”

வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும்

பாட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ஏர்பேக்கைக் கழற்றி, ஸ்டியரிங்கின் நடு நட்டைப் பார்த்தேன். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

ஸ்டியரிங்கைக் கழற்றுவதற்கு முன் தண்டிலும் ஸ்டியரிங் வட்டத்திலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு பாதியும் ஒரே கோடாகச் சேர வேண்டும். சர்வீஸ் சென்டரில் கற்றுக்கொடுத்த பாடம். அந்த வண்டியில் வெள்ளைக் கோடு இருந்தது, என் கைக்கோடுதான். இரண்டு பாதியும் சேரவில்லை. தண்டைச் சுற்றி இருக்கிற வரிப்பற்களில் ஒரு பல் தள்ளி நின்றது.

போன ஆடியில் ஹாரன் வேலைக்காக அந்த ஸ்டியரிங்கை நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்டிய நேரம், எதிரே கிரேன் வைத்து சாலமன் கடை போர்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் என் உயரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நட்டை முறுக்கியிருக்கிறேன். ஸ்டியரிங் லேசாகக் கோணலாக நிற்கிறது என்று அப்போதே ஏழுமலை சொன்னார். அலைன்மென்ட்டுக்கு எங்கேயோ அனுப்பினேன். அவர்கள் சக்கரங்களைத் திருகிக் கோணலை மறைத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டியரிங் தண்டில் இருக்கிற சென்சாருக்கு மட்டும், வண்டி நேராகப் போகும்போதெல்லாம் யாரோ கொஞ்சம் ஒடித்துப் பிடித்திருப்பதாகவே தெரியும். நேர்ரோட்டில் வேகமாக, விடாமல் போனால் அது குழம்பி விளக்கைப் போட்டுவிடும். வளைந்து போனால் பேசாமல் இருக்கும்.

அதோடு முடியவில்லை. நட்டின் மேல் புதிதாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது. தான் இறுக்கிய நட்டில் எல்லாம் மஞ்சளில் கோடு போடுவது சாலமன் பழக்கம். அவன் கழற்றிப் பார்த்திருக்கிறான். என் வெள்ளைக் கோட்டை அடையாளம் கண்டிருக்கிறான். ஒரு பல் தள்ளி மாட்டியது யார் என்று தெரிந்தும் ஏழுமலையிடம் மூச்சு விடாமல், இருந்தபடியே மூடி அனுப்பியிருக்கிறான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏழுமலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்: “இன்னாண்ணா, உள்ளயும் எலியா?”

சொல்லிவிட்டேன்

சென்சார் போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அவர் லைனும் என் கையை விட்டுப் போயிருக்காது. அதற்கு வசதி செய்து கொடுத்துத்தான் சாலமன் வண்டியை அனுப்பியிருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் அவன் திறமையைப் பார்த்து வயிறெரிந்தேன். இனி அவன் பெருந்தன்மையையும் பார்த்து எரிய வேண்டுமா? அவன் போட்ட பிச்சையில் என் கடை நடக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் ஏழுமலையிடம் சொன்னேன். ஒரு பல் தள்ளி மாட்டியது, கிரேன், போர்டு, பார்க்காத எலி, சாலமனின் மஞ்சள் கோடு எல்லாம். நேர்மையால் சொன்னேன் என்று யாரும் பாராட்டிவிடாதீர்கள்; முழுக்க முழுக்கப் பொறாமையால் சொன்னது. ஏழுமலை வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னார்: “செஞ்சது நீதான, நீயே சரி பண்ணு. ஆனா அந்தப் போர்டு பக்கம் முதுகக் காட்டி உக்காரு.”

அந்தப் பக்கம் ஒரு நாள்

ஸ்டியரிங்கைக் கோட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடி அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். பிறகு சென்சாருக்கு நேர் எது என்று ஸ்கேனரில் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் பழைய ஸ்கேனருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரண்டும் இருப்பது யாரிடம் என்று உங்களுக்குத் தெரியும். பதினாறு வருடத் தொழிலில் முதல் தடவையாக நானே ஒரு கஸ்டமர் வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னொருவன் கடைக்குள் போனேன்.

சாலமன் மிஷின் திரையைப் பார்த்தபடி வேலை செய்தான். நான் மீன் தொட்டியைப் பார்த்தேன். அதில் மீன்கள்கூட நன்றாகத்தான் இருந்தன. கடைசியில் அடக்க முடியாமல், “ஏன்டா அவர்கிட்ட சொல்லல?” என்று கேட்டுவிட்டேன். நட்புக்காக என்பான், பழைய ரூம், பழைய குக்கர் என்பான் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சாலமன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “சொன்னா அவரு லைன் மொத்தமும் இங்க வந்துடும் பாஸ்கரு. எனக்கே வண்டி நிறுத்த எடம் இல்ல.”

கை காட்டினேன்

விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. ஏழுமலை வழக்கம்போல என்னிடமே வருகிறார். ஆனால் அவர் தன் லைனில் போய்க் கதையைச் சொல்லிவிட்டார். அவர் சொல்லும் கதையில் நான் வருவது கொஞ்சம்தான். ‘அடுத்தவன் தப்பக் கையில வச்சிகினே காட்டிக் கொடுக்காத மனுசன்’ என்று சாலமன்தான் அதில் கதாநாயகன். வண்டி நிறுத்த இடம் இல்லாததால்தான் சொல்லாமல் விட்டான் என்ற உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் சொன்னால், பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். பொறாமையில்தான் பேசுவேன்; ஆனால் உண்மைதானே?

போன வாரம் கம்பெனிச் சட்டையோடு ஒருவர் என் ஷெட்டுக்கு முன்னால் காரை ஓரம் கட்டினார். ஏழுமலை லைன் ஆள் என்று சட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவர் கண்ணாடியை இறக்கி, “காட்டிக் கொடுக்காத மெக்கானிக்னு ஏழுமலை சொன்னாரே, அது நீங்களாண்ணா?” என்று கேட்டார். ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு கையை நீட்டி எதிரே காட்டினேன். அவர் அந்தப் போர்டைப் பார்த்தார், என் ஷெட்டைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: “அப்ப தப்பா மாட்டினவரு நீங்களா? பரவால்லண்ணா, மனசுல வச்சுக்காதீங்க.”

தப்பைச் செய்ததும் நான், ஒப்புக்கொண்டதும் நான், சரியாக மாட்டியதும் நான். நல்ல பெயர் மட்டும் இண்டிகேட்டர்கூடப் போடாமல் யூ-டர்ன் அடித்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.